கஞ்சமலைக்கு மேலே இரண்டு சுற்று

அன்று காலை நான் எங்கள் குலதெய்வத்தைச் சுற்றி வந்தேனா, இல்லையா?

என் மாமியாருக்குப் பதில் தெரியும். என் மகளுக்கும் தெரியும். இருவருக்கும் துளிச் சந்தேகம் கிடையாது. விமானத்தை ஓட்டிய எனக்குத்தான் இன்றுவரை தெரியவில்லை.

முன்கண்ணாடியில் ஒன்றுமே இல்லை. கொடியில் காயும் ஈர வேட்டிக்குப் பின்னால் நின்று பார்ப்பதுபோல வெளுப்பு மட்டும். வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. துடைக்கத் துடைக்க அதே வெள்ளை. கீழே எங்கோ ஓமலூர்; சேலம் விமான நிலையம் அங்கேதான். ஒரு பக்கம் சேர்வராயன் மலை, இன்னொரு பக்கம் கஞ்சமலை. பிறந்ததிலிருந்து நான் பார்த்து வளர்ந்த மலைகள். அந்த நிமிடம் அவை எங்கே நிற்கின்றன என்பதை எனக்கு முன்னால் இருந்த திரைதான் சொல்லிக்கொண்டிருந்தது.

பக்கத்து இருக்கையில் கேப்டன் மாத்யூ. கோட்டயத்துக்காரர். வாயில் ஏலக்காய் போட்டிருந்தார். அந்த மணம் அந்தச் சின்ன அறை முழுக்க இருந்தது. இன்றைக்கும் பாயசத்தில் ஏலக்காய் தட்டிப் போட்டால் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

இந்த வாரம்தான் தொடரைக் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் துணை விமானி. விசிறி வைத்த சின்ன விமானம் ஓட்டுகிறேன். பிறந்த ஊர் புதுச்சத்திரம். கணவர் சரவணன் நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். மாதத்தில் பாதி நாள் நான் பெங்களூரில், மீதி நாள் வீட்டில். மகள் யாழினிக்கு அப்போது மூன்று வயது.

அன்று அவளுக்குக் காதுகுத்து.

கடிக்கிற ஒப்பந்தம்

என் விடுப்பு சேலத்தில் இறங்கியவுடன் தொடங்குவதாக ஏற்பாடு. திரும்பிப் போகும் விமானத்தை ஓட்ட இன்னொரு துணை விமானி பயணியாகப் பின்னால் உட்கார்ந்திருந்தார். இறங்கினால் நேராகக் கோயில். காதுகுத்து இளம்பிள்ளைக்குப் பக்கத்தில், கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலில்.

முந்தைய நாள் சாயங்காலம் போனில் யாழினி கேட்டாள்.

"எப்பம்மா வருவே?"

"காலையில வந்துருவேன் சாமி. நீங்க மாமன் மடியில உக்கார்றதுக்கு முன்னாடி அம்மா அங்க இருப்பேன்."

"வரலீன்னா?"

"வந்துருவேன்."

"வரலீன்னா குத்திக்க மாட்டேன். மாமனக் கடிச்சு வெச்சிருவேன்."

பின்னாலிருந்து என் தம்பி கார்த்தியின் குரல் கேட்டது. போர்வெல் வண்டியோடு வடக்கே மாதக்கணக்கில் கிடப்பவன். மருமகளை மடியில் உட்கார வைப்பதற்காகவே ஊருக்கு வந்திருந்தான்.

"கேட்டுக்கக்கா. நான் கடி வாங்கறதும் வாங்காததும் உன்ர ஏரோப்ளேன் கையிலதான் இருக்குது."

விமானம் ஓட்டுபவர்கள் நேரம் சொல்லக் கூடாது. "பார்க்கலாம்" என்று சொல்லலாம். "முயற்சி பண்றேன்" என்று சொல்லலாம். நான் 'வந்துருவேன்' என்று சொல்லிவிட்டேன், அதுவும் இரண்டு முறை. போனை வைத்ததிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோயிலுக்கு வராத வண்டி

நடுவில் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

என் கணவர் பட்டறையில் பாடி கட்டி முடித்த லாரி எதுவும் நேராகச் சுமை ஏற்றப் போவதில்லை. முதலில் ஒரு கோயிலுக்குப் போகும். வெளியூர்க்காரர் வண்டியென்றால் அவரவர் சாமி. எங்கள் உறவுக்காரர் வண்டியென்றால் கஞ்சமலை அடிவாரம். சந்தனம், குங்குமம், ஆளுயர மாலை. கோயிலை மூன்று முறை சுற்றிவந்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் வண்டி ரோட்டுக்கு வரும். பெயிண்ட் வாசனை போகாத புது லாரி, ஹாரன் அடித்துக்கொண்டு, குறுகலான மண்பாதையில் முக்கி முனகித் திரும்புவதைப் பார்க்க ஊரே கூடும்.

நான் விமானம் ஓட்ட ஆரம்பித்தபோது மாமியாருக்குச் சந்தோஷம்தான். ஒரே ஒரு குறை. ஒருநாள் தோசை ஊற்றிக்கொண்டே அதைச் சொன்னார்.

"லாரியின்னா கோயிலச் சுத்திக் கொண்டாந்து எலுமிச்சங்கா வெக்கலாம். உங்க வண்டிய எங்க கொண்டாறது சாமி? பூச போடாத வண்டியில போறீங்களேன்னு எனக்கு அடிவயத்துல ஒரு இது."

"அத்தை, அதை நூறு பேரு சோதிச்சுத்தான் ஓட்டத் தர்றாங்க."

"நூறு பேரு பாக்கட்டும். சாமி பாக்கோணுமில்ல?"

கணவர் தட்டிலிருந்து தலை தூக்காமல் சொன்னார். "ஒரு எலுமிச்சங்காய அவ பையில போட்டு உடுங்கம்மா. டயருக்கு அடியில வெக்கற வேலைய அவ பாத்துக்குவா."

மறுநாள் என் பையில் எலுமிச்சம்பழம் இருந்தது. நான் அதை ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டேன். அது தப்போ என்று அவ்வப்போது தோன்றும்.

யோசிக்கத் தேவையில்லாத ஓர் இடம்

தப்போ, தப்போ என்று தோன்றுவதுதான் என் சுபாவம். குழந்தைக்கு உடம்பு சுட்டால் தெர்மாமீட்டரை வைத்துப் பார்ப்பேன். அது சரியாகக் காட்டுகிறதா என்று என் அக்குளிலும் வைத்துப் பார்ப்பேன். கேஸை அணைத்தேனா என்று பேருந்து நிலையத்திலிருந்து திரும்பி வந்திருக்கிறேன். ஸ்வெட்டர் போட்டுவிட்டால் வியர்க்குமோ, கழற்றினால் சளி பிடிக்குமோ. கணவர் ஒருமுறை கேட்டார். "ஊட்டுக்கும் ஒரு மீட்டர் போர்டு அடிச்சுக் குடுக்கட்டா? பாத்துப் பாத்துப் பண்ணலாம்."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அதில் விஷயம் இருக்கிறது.

மேகத்துக்குள் பறக்கும்போது மனிதக் காது பொய் சொல்லும். விமானம் நேராகப் போகும்போது சாய்வதாகச் சொல்லும். சாயும்போது நேராகப் போவதாகச் சொல்லும். பயிற்சியில் முதலில் கற்றுக்கொடுப்பது அதைத்தான். உடம்பு சொல்வதைக் கேட்காதே, கருவி சொல்வதைக் கேள்.

கருவிகளை நம்பி இறங்கும்போது ஓர் உயரம் குறித்து வைத்திருப்பார்கள். அந்த உயரம் வருவதற்குள் ஓடுபாதை கண்ணில் பட வேண்டும். பட்டால் இறங்கலாம். படாவிட்டால் மேலே போய்விட வேண்டும். இன்னும் கொஞ்சம் தாழ்ந்து பார்க்கலாமே என்பதற்கு அங்கே இடமில்லை. சுற்றிலும் மலை இருக்கும் ஊரில் அந்த உயரத்தைச் சும்மா போட்டு வைக்கவில்லை.

மற்றவர்கள் அதைக் கட்டுப்பாடு என்பார்கள். எனக்கு அது நிம்மதி. வாழ்க்கையில் நான் இரண்டாவது முறை யோசிக்கத் தேவையில்லாத ஒரே இடம் அதுதான்.

அன்று காலை வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வெள்ளைக்கு மேலே

விமானம் என் கையில் இருந்தது. நான் கருவிகளைப் பார்த்தபடி இறக்க, கேப்டன் வெளியே பார்த்து ஓடுபாதை தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். உயரம் குறையக் குறைய மெஷின் குரல் படித்துக்கொண்டே வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. வேகம் சரி, பாதை சரி. வெளியே மட்டும் வெள்ளை.

குறித்த உயரம் வந்தது. கேப்டன் சொன்னார்: "ஒன்றும் தெரியலை."

அந்த ஒரு நொடியில் எனக்குள் என்ன ஓடியது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். யாழினிக்குக் காதுகுத்துக்கு எடுத்த மஞ்சள் பட்டுப்பாவாடை ஓடியது. 'வரலீன்னா' என்ற குரல் ஓடியது. இதோ கீழேதானே இருக்கிறது, இன்னும் கொஞ்சம்தானே என்று ஓடியது.

கை அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. "கோ அரவுண்ட்", இறங்காமல் மேலே போகிறோம், என்று என் வாய் சொன்னது. கை விசையை முன்னால் தள்ளியது. என்ஜின் உறுமியது. விமானத்தின் மூக்கு மேலே எழும்பியது. சக்கரம் உள்ளே போனது. வெள்ளை சாம்பலாகி, மறுபடி வெள்ளையாகி, சட்டென்று கண் கூசியது.

மேலே நல்ல வெயில்.

ஜவ்வரிசி ஆலைக் களத்தில் மாவு காயப் போட்டதுபோல, கண்ணுக்கு எட்டிய வரை மேகம் சமமாகப் பரப்பிக் கிடந்தது. ஒரு பக்கம் சேர்வராயன் மலை நீலமாக எழுந்து நின்றது. இன்னொரு பக்கம் கஞ்சமலையின் முதுகு மட்டும், குளத்தில் கிடக்கும் எருமை முதுகைப்போல. இவ்வளவு அழகாக அதற்கு முன்பு நான் எங்கள் ஊரைப் பார்த்ததில்லை. ஓர் ஓட்டு வீடுகூடத் தெரியாத எங்கள் ஊர்.

கேப்டன் பயணிகளுக்கு அறிவிப்புச் செய்துவிட்டு எரிபொருள் கணக்குப் பார்த்தார். "இன்னும் ஒரு தடவை முயற்சி பண்ணலாம். அதுக்கும் ஆகலைன்னா கோயம்புத்தூர்."

கோயம்புத்தூர் என்றால் காரில் திரும்பி வருவதற்குள் காதில் கம்மலே ஏறியிருக்கும்.

மேகம் கொஞ்சம் தூக்கட்டும், அதுவரை காத்திருங்கள் என்று விமான நிலைய டவரில் சொன்னார்கள். அவர்கள் காத்திருக்கச் சொன்ன இடம் கஞ்சமலைப் பக்கம். நீள்வட்டமாக ஒரு சுற்று. இன்னொரு சுற்று. நான் மேலேயிருந்து அந்த எருமை முதுகைப் பார்த்தேன். அதன் அடியில், அந்த வெள்ளைக்குக் கீழே எங்கோ, என் மகள் பட்டுப்பாவாடையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஒரு நொடி பொறுத்திருந்தா தெரிஞ்சிருக்குமோ சார்?" என்று கேட்டேன்.

கேப்டன் இன்னொரு ஏலக்காயை எடுத்து நீட்டினார். "மேலே வெயில் உண்டு. கீழே குழந்தை உண்டு. நடுவிலே கொஞ்சம் பஞ்சு. அவ்வளவுதானே. வேணும்னா இந்தத் தடவை நான் ஓட்டட்டுமா?"

"வேண்டாம் சார். நானே ஓட்டறேன்."

இரண்டாவது சுற்று முடியும்போது டவர் கூப்பிட்டது. மேகம் கொஞ்சம் எழும்பியிருக்கிறதாம்.

மறுபடி அதே வெள்ளைக்குள் நுழைந்தோம். அதே வேகம், அதே பாதை, அதே மெஷின் குரல். இந்த முறை குறித்த உயரத்துக்குச் சற்று முன்பே கேப்டன் சொன்னார்: "விளக்கு தெரியுது. நேர் முன்னாலே."

நிமிர்ந்து பார்த்தேன். விளக்குகள் இரண்டு வரிசையாக, நடுவில் ஈரத்தில் பளபளத்த கறுப்பு ஓடுபாதை. புது லாரியின் பெயிண்ட் மாதிரி இருந்தது. சக்கரம் தொட்டதே தெரியவில்லை. என் கணக்கில் அதுதான் என் ஆகச் சிறந்த இறக்கம்.

வாசலில் நின்று வழியனுப்பும்போது ஒரு நாமக்கல் முட்டை வியாபாரி நின்று கேட்டார்.

"ஏனுங் மேடம், தரைய மோந்து பாத்துப்போட்டு மறுக்கா மேல போயிட்டீங்க. நாஞ் சீட்டுக் கையப் புடிச்ச புடியில அது கழண்டுருச்சான்னு ஒருக்காப் பாத்துக்கங்க."

"வழி தெரியலீங்க. அதான் மேல போயிட்டோம்."

"அதுஞ் செரிதான். தொப்பூர் கணவாயில பனி எறங்குனா லாரிய ஓரங்கட்டுவோம். நீங்க மேலயில்ல ஓரங்கட்டோணும்."

மூணாவது எங்கே?

வெளியே கணவர் ஆம்னியோடு நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஆனால், "டீ வேணுமா?" என்றுதான் கேட்டார்.

வழியில் நான் கேட்டேன். "நல்ல நேரம் முடிஞ்சிருக்குமே. குத்தியிருப்பாங்களா?"

"தெரியல. நீ மேலயே நிக்கறேன்னு ஏர்போர்ட்ல சொன்னாங்க. அம்மாவுக்குப் போன் பண்ணுனேன். எறங்க முடியலீன்னு சொன்னாப் பயந்துக்குவாங்கன்னு, 'மேல சுத்திக்கிட்டு இருக்கறா, சுத்தி முடிச்சதும் வருவா'ன்னு மட்டும் சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"'நெசமாவா?'ன்னாங்க. அப்பறம் போன வெச்சுட்டாங்க."

கோயில் வாசலில் வண்டி நின்றது. சீருடையோடு இறங்கி ஓடினேன். உள்ளே தேங்காயும் கற்பூரமும் கலந்த வாசனை. கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. யாழினி மாமன் மடியில் இல்லை. பக்கத்தில் நின்று வெல்லம் தின்றுகொண்டிருந்தாள். காதில் ஒன்றுமில்லை. ஆசாரி ஊசியை வைத்துக்கொண்டு சலித்துப் போய் உட்கார்ந்திருந்தார்.

மாமியார் வேகமாக வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு சுத்து சுத்துனீங்களே சாமி, மூணாவது எங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கார்த்திதான் விளக்கினான்.

முதலில் விமானச் சத்தம் கோயிலுக்கு மேலே வந்திருக்கிறது. மேகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் வட்டமாகப் போயிருக்கிறது. அந்த நேரம் பார்த்துக் கணவரின் போன். சுத்திக்கிட்டு இருக்கறா. மாமியாருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. மருமகள் வண்டியைக் கோயிலுக்குக் கொண்டு வந்துவிட்டாள். இத்தனை வருஷக் குறை தீர்ந்தது. பூசாரியைக் கூப்பிட்டு வானத்துக்குக் கற்பூரம் காட்டச் சொல்லியிருக்கிறார். பெண்கள் குலவை போட்டிருக்கிறார்கள். ஆசாரி நல்ல நேரம் போகிறது என்று முனகியதற்கு, "வண்டி மூணு சுத்து முடிக்காம ஆரும் ஊசியத் தொடக் கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டாராம்.

"ரெண்டாவது சுத்தோட சத்தம் போயிருச்சு. மூணாவதுக்குத்தாங்க்கா எல்லாருங் காத்துக்கிட்டு இருந்தோம்" என்றான் கார்த்தி. அவனுக்கு என்ன நடந்திருக்கும் என்று பாதி புரிந்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினான்.

நான் வாயைத் திறந்தேன். மேகம், ஓடுபாதை, குறித்த உயரம் எல்லாம் தொண்டை வரை வந்தது. அப்போது யாழினி என் சட்டை நுனியை இழுத்தாள்.

"எனக்காவாம்மா சாமியச் சுத்துனே?"

"ம்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அதற்குப் பிறகு அவளாகவே போய் மாமன் மடியில் ஏறி உட்கார்ந்தாள். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. வலது காதுக்கு வீறிட்டாள். இடது காதுக்கு வாயில் பச்சரிசியும் வெல்லமும் இருந்ததால் சத்தம் வரவில்லை. கார்த்தி இரண்டு கைகளையும் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினான். "பாத்துக்கங்க. கடியில்லை."

என் மாமியார் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பந்தியில் எல்லோருக்கும் தானே பாயசம் ஊற்றினார். ஒவ்வோர் இலையிலும் அதே கதை. "எம் மருமக ஏரோப்ளேன்லயே கோயிலச் சுத்திப்போட்டா. அதும் மழமேகத்துல."

உங்களிடம் கேட்பது

யோசித்துப் பார்த்தால், நான் இறங்க முடியாமல் தவிக்கிறேன் என்று உள்ளது உள்ளபடி சொல்லியிருந்தால், நேரம் தப்புகிறதென்று காதைக் குத்தியிருப்பார்கள். கோயிலைச் சுற்றுகிறேன் என்று நினைத்ததால்தான் காத்திருந்தார்கள். அதனால்தான் நான் சொன்ன சொல் தவறவில்லை.

நான் சுற்றினேனா? அன்றைய திரை இன்னும் கண்ணில் நிற்கிறது. எங்கள் பாதை நீள்வட்டமாக வரைந்திருந்தது. அதற்குள்ளேதான் கஞ்சமலை, அதன் அடியில்தான் கோயில். சுற்ற வேண்டும் என்று நினைக்காமல் சுற்றினால் அது கணக்கில் சேருமா?

யாழினி இப்போது எல்.கே.ஜி. படிக்கிறாள். "எங்கம்மா எனக்காக ஏரோப்ளேன்ல சாமியச் சுத்துனாங்க" என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். அவள் மிஸ் என்னிடம் வந்து கேட்டபோதும் நான் "ம்" தான் சொன்னேன்.

நடந்ததை அவளுக்குச் சொல்ல எனக்கு ஆசை. உன்னிடம் வர வேண்டும் என்று தவித்த நேரத்திலும் வழி தெரியாதபோது அம்மா மேலே போய்விட்டாள், அதனால்தான் உன்னிடம் வந்து சேர்ந்தாள் என்று. எனக்கு அந்தக் கதைதான் பெருமை. ஆனால் இப்போது சொன்னால், அடுத்த முறை நான் வேலைக்குக் கிளம்பும்போது வானத்தைப் பார்த்துப் பயப்படுவாளோ? சொல்லாமல் விட்டால், பெரியவளாகி, என் அம்மா பொய் சொன்னாள் என்பாளோ?

குழந்தை வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள். எந்த வயதில் சொல்லலாம்? எப்படித் தொடங்கலாம்?

இன்னொன்றும் இருக்கிறது. வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் மாமியார் வாசல்வரை வந்து, "அந்த ஒரு சுத்து நெனப்புல இருக்கட்டும் சாமி" என்கிறார். மேகமே இல்லாத நாளில் கஞ்சமலையை ஒருமுறை சுற்ற வேண்டுமென்றால் டவரில் என்ன காரணம் சொல்லிக் கேட்பது? யாருக்காவது தோன்றினால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.